பழைய சோபா வித்த காசுக்கு வரியா? பதறாம கேளு!

ஒரு வாரமா அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போட்டுக்கிட்டே இருக்கே. சோபா 9,000, வாஷிங் மெஷின் 6,500, பையனோட சைக்கிள் 2,000. பெங்களூர்ல வீடு மாத்தற ஒவ்வொருத்தரும் பண்றதுதான். எல்லாம் நல்ல விலைக்கும் போயிடுச்சு. இப்போ ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு மெசேஜ்: "அக்கா, ஜிபேல பணம் வந்துக்கிட்டே இருக்கு. இன்கம் டாக்ஸ்ல காட்டணுமா? நோட்டீஸ் வருமா?"

முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடி. அப்புறம் நான் சொல்றதைக் கேளு.

உன் பயம் எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். 2025 ஜூலைல நம்ம ஊர்ல டீக்கடை, பேக்கரி, காண்டிமென்ட்ஸ் கடை எல்லாத்துலயும் க்யூஆர் கோடைக் கிழிச்சிட்டு "யூ.பி.ஐ இல்லை, கேஷ் மட்டும்"னு பேப்பர் ஒட்டினாங்களே, அதைப் பார்த்துட்டு வந்த பயம். கர்நாடக வணிக வரித்துறை, 2021-22ல இருந்து யூ.பி.ஐல வந்த பணத்தைக் கணக்கு பார்த்து, ஆயிரக்கணக்கான சின்ன வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பினாங்க. ஹாவேரில காய்கறி விக்கிற ஒருத்தருக்கு நாலு வருஷத்துல 1.63 கோடி ரூபாய் வரவுன்னு சொல்லி, 29 லட்சம் கட்டச் சொல்லி வந்துச்சு. பச்சைக் காய்கறிக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது! அந்த மனுஷன் என்ன பாடுபட்டிருப்பார்னு நினைச்சா இன்னைக்கும் எனக்கு வயித்தைக் கலக்குது. கடைசில ஜூலை 23ஆம் தேதி முதலமைச்சர் சித்தராமையா வியாபாரிகளைக் கூப்பிட்டுப் பேசி, பழைய பாக்கியை வசூல் பண்ண மாட்டோம், இனிமே ஜி.எஸ்.டி.ல பதிவு பண்ணுங்கன்னு சொன்ன பிறகுதான் ஊர் அடங்குச்சு.

ஆனா அது கடை வச்சிருக்கிறவங்களோட ஜி.எஸ்.டி. விவகாரம். வருஷத்துக்கு 40 லட்சத்துக்கு மேல பொருள் விக்கிறவங்க, 20 லட்சத்துக்கு மேல சேவை கொடுக்கிறவங்களோட கதை. நீ கடைக்காரி இல்லை. வீட்டைக் காலி பண்றவ. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே.

1. புழங்கின பொருளை வித்தா வருமானம் இல்லை

வருமான வரிச் சட்டத்துல ஒரு நல்ல விதி இருக்கு. நீயும் உன்னை நம்பி இருக்கிற குடும்பமும் சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற அசையும் பொருள் – துணிமணி, கட்டில், பீரோ, பிரிட்ஜ், டிவி, போன், வண்டி – மூலதனச் சொத்துக் கணக்குலயே வராது. சொத்தே இல்லைன்னா மூலதன ஆதாயமும் இல்லை, வரியும் இல்லை. 40,000க்கு வாங்கின சோபாவை 9,000க்கு வித்துட்டு அதுல "வருமானம்" எங்கிருந்து வரும்?

லாபத்துக்கு வித்தாலும் இதே கதைதான். அப்பாவோட யமஹா ஆர்.எக்ஸ். 100ஐ எடுத்துக்கோ. 1996லயே அந்த வண்டி தயாரிப்பு நின்னுடுச்சு. நம்ம ஊர்ப் பசங்க அதுக்கு அடிச்சுக்கிறாங்க. அவர் வாங்கின விலையைவிடப் பல மடங்கு கேட்டாலும் கொடுக்க ஆள் இருக்கு. வீட்டுல ஓட்டின வண்டின்னா அந்த லாபத்துக்கும் வரி கிடையாது. ஆனா இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. சோபால 31,000 நஷ்டம்னு சொல்லி, ஷேர்ல வந்த லாபத்துல கழிக்கப் பார்க்காதே. அது செல்லாது.

இதுல நான் அடிக்கடி பார்க்கிற தப்பு ஒண்ணு. பயந்துபோய் இந்தப் பணத்தை ரிட்டர்ன்ல "இதர வருமானம்"னு போட்டுடறாங்க. எங்க பிளாக்ல ஒரு பொண்ணு வீட்டைக் காலி பண்ணின 60,000 ரூபாயை அப்படிப் போட்டு, 30 சதவீத வரி கட்டியிருந்தா. நேர்மையா இருக்கணும்னுதான் பண்ணியிருக்கா, பாவம். கட்ட வேண்டாத பணத்தைக் கட்டறது நேர்மை இல்லைம்மா, தெரியாம பண்ற தப்பு. சொந்தப் பொருள் வித்த பணத்தை ரிட்டர்ன்ல எங்கயும் போட வேண்டாம்.

2. நகையை மட்டும் சோபா மாதிரி நினைச்சுடாதே

இங்கதான் படிச்சவங்களும் வழுக்கி விழறாங்க, அதனால நிதானமா சொல்றேன். தினம் போட்டுக்கிற தாலிச் சங்கிலியா இருந்தாலும், நகைக்குச் சொந்தப் பொருள் சலுகை கிடையாது. தங்கம், வெள்ளி, பிளாட்டினம், கல் வச்சது எதுவா இருந்தாலும் சரி. வித்தா ஆதாயத்துக்கு வரி உண்டு.

கணக்கு கஷ்டமில்லை. 24 மாசத்துக்கு மேல வச்சிருந்து வித்தா, 2024 ஜூலை 23ல இருந்து நடக்கிற விற்பனைக்கு 12.5 சதவீதம். அதுக்குள்ள வித்தா உன் சம்பளத்தோட சேர்த்து ஸ்லாப்படி. உதாரணத்துக்கு, 2012ல கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்து 1,20,000க்கு வாங்கின வளையலை 4,20,000க்கு விக்கறேன்னு வச்சுக்கோ. ஆதாயம் 3,00,000. வரி 37,500, செஸ் 1,500, ஆக 39,000. வாங்கின பில் இல்லைன்னா இந்த 1,20,000ஐக் கழிக்கவே போராடணும். நகைக்கடை பில்லை மளிகை ரசீது மாதிரி கசக்கிப் போடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!

இதுல கவனிக்க வேண்டியது இன்னும் இருக்கு:

- பழசைக் கொடுத்துட்டுப் புதுசு எடுத்தாலும் சட்டத்துக்கு அது விற்பனைதான். "கைல காசு வரலையே"ன்னு சொன்னா எடுபடாது.
- பாட்டி கொடுத்த நகைன்னா, பாட்டி வாங்கின விலைதான் உன் விலை, அவங்க வச்சிருந்த வருஷமும் உன் கணக்குல சேரும். 2001 ஏப்ரல் 1க்கு முன்னாடி வாங்கினதா இருந்தா, அந்தத் தேதியோட சந்தை மதிப்பை எடுத்துக்கலாம். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்கிட்ட ஒரு சான்றிதழ் வாங்கிடு. உருக்கறதுக்கு முன்னாடி! உருக்கின பிறகு எதைக் காட்டுவே?
- "12 லட்சம் வரைக்கும் வரியே இல்லையாமே"ன்னு சொல்லுவே. அந்தத் தள்ளுபடி புது வரி முறைல இந்த நீண்டகால ஆதாயத்துக்குக் கிடையாது. நிறையப் பேர் இதுல ஏமாந்து போறாங்க.
- ஆனா அம்மாவுக்கு வேற வருமானமே இல்லை, அவங்க தன் வீட்டுச் சீர் நகையை விக்கிறாங்கன்னா, புது முறைல அடிப்படை விலக்கு 4 லட்சம். அதுக்குள்ள ஆதாயம் அடங்கினா வரி இல்லை. பணம் அவங்க கணக்குலயே வரட்டும், உன் கணக்குல வாங்கிக்காதே. நகை புருஷன் வாங்கிக் கொடுத்ததா இருந்தா, அந்த ஆதாயம் புருஷனோட வருமானத்துல சேர்ற விதி இருக்கு. அதனால எது யார் கொடுத்ததுன்னு குறிச்சு வை.
- நகை வித்த வருஷம் ஐ.டி.ஆர்-1 போடக் கூடாது. சம்பளம் மட்டும்னா ஐ.டி.ஆர்-2, ஃப்ரீலான்ஸ் மாதிரி தொழில் வருமானமும் இருந்தா ஐ.டி.ஆர்-3. ஆபீஸ்ல எல்லாரும் போடறாங்கன்னு நீயும் ஐ.டி.ஆர்-1ஐ அழுத்தாதே.

நகை வித்த பணம் முழுசையும் போட்டு வீடு வாங்கறதா இருந்தா வரிவிலக்குக்கு வழி இருக்கு. நிறைய நிபந்தனை இருக்கறதால, அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடியே ஆடிட்டரைப் பார்.

வெள்ளி பத்திக் கேட்பே. சமையலறைல புழங்கற வெள்ளித் தட்டு, டம்ளரைச் சொந்தப் பொருள்னு நீதிமன்றம் ஏத்துக்கிட்டது உண்டு. விசேஷத்துல வந்த வெள்ளிக் காசை டப்பால போட்டு வச்சிருக்கியே, அது அப்படி இல்லை. தோல்பூர் மகாராஜா ஹேமந்த் சிங் இதுக்காகச் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். தங்க நாணயம், வெள்ளி ரூபாய், வெள்ளிக் கட்டி எல்லாம் லட்சுமி பூஜைல வைக்கிற பொருள், அதனால சொந்த உபயோகம்தான்னு வாதம். வருஷத்துக்கு ஒரு தடவை பூஜைல வைக்கிறதால அது நெருக்கமா புழங்கற பொருள் ஆகிடாதுன்னு 1976ல தீர்ப்பு வந்துச்சு. மகாராஜாவுக்கே அந்தத் தீர்ப்புன்னா, உன் டப்பால இருக்கிற காசுக்கும் அதேதான்.

3. தஞ்சாவூர்ப் படம், ஐம்பொன் சிலை

ஓவியம், சிற்பம், கலைப்பொருள், தொல்பொருள் சேகரிப்பு – இதெல்லாமும் 2008ல இருந்து சலுகைக்கு வெளியே. ஹால்ல மாட்டியிருக்கிற தஞ்சாவூர் ஓவியத்தை நல்ல விலைக்கு ஆன்லைன்ல வித்தா, நகை மாதிரிதான் கணக்கு பார்க்கணும்.

தாத்தா வீட்டுப் பூஜை அறைல இருந்து வந்த உலோகச் சிலையைப் போட்டோ எடுத்து விலை போடறதுன்னா, அந்தப் பக்கமே போகாதே. நூறு வருஷத்துக்கு மேல பழசுன்னா 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டம் பாயும். பதிவு வேணும், வியாபாரம் பண்ண உரிமம் வேணும், வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. முதல்ல தொல்லியல் துறைல விசாரி. விளம்பரம் போட்டுட்டு விசாரிக்கிறது ஆபத்து.

4. ஆபீஸ் கணக்குல எழுதின லேப்டாப்

நீ சம்பள வேலையோட ஃப்ரீலான்ஸ் வேலையும் பண்றே. அதுக்கு வச்சிருக்கிற லேப்டாப்புக்குத் தேய்மானம் போட்டு வரியைக் குறைச்சிருந்தா, அது இனிமே சொந்தப் பொருள் இல்லை, தொழில் சொத்து. வித்த விலையைத் தேய்மானக் கணக்குல கழிக்கணும். கார் விஷயமும் அப்படித்தான். எதை எழுதினோம், எதை எழுதலைன்னு ஆடிட்டர்கிட்ட ஒரு வரி மெசேஜ்ல கேட்டுக்கோ, ரெண்டு நிமிஷ வேலை.

5. வாங்கி வாங்கி வித்தா அது கடை

பீரோல இருந்த பத்துப் புடவையை விக்கறது வேற. மாசாமாசம் காஞ்சிபுரம் போய் இருபது புடவை எடுத்துட்டு வந்து ஸ்டேட்டஸ்ல போட்டு விக்கறது வேற. தள்ளுபடில நாலு புது போன் வாங்கி, டப்பாவைப் பிரிக்காம விக்கற உன் தம்பி பண்றதும் வியாபாரம்தான். "சொந்தப் பொருள்"னு அவன் சொல்ல முடியாது. விக்கறதுக்குன்னே வாங்கினோமா, புழங்கறதுக்கு வாங்கினோமா – இதைத்தான் அதிகாரி முதல்ல பார்ப்பார்.

வியாபாரம்னா ஒளிக்காம கணக்குல கொண்டு வந்துடு. சின்ன வியாபாரிகளுக்கு எளிய முறை இருக்கு. டிஜிட்டலா வந்த விற்பனைல 6 சதவீதம், ரொக்கத்துல 8 சதவீதத்தை லாபம்னு காட்டி ஐ.டி.ஆர்-4 போடலாம், பேரேடு எழுத வேண்டாம். அதுக்குத் தனி பேங்க் கணக்கு வை. சம்பளம், சீட்டுப் பணம், புடவைப் பணம், சோபா பணம் எல்லாம் ஒரே கணக்குல வந்து விழுந்தா, நாளைக்கு எது எதுன்னு உனக்கே தெரியாது. ஆன்லைன் தளம் வழியா பொருள் விக்கறதுக்குத் தொகை எவ்வளவு சின்னதா இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு கேட்பாங்க. மாநிலத்துக்குள்ள மட்டும் விக்கிற சின்னவங்களுக்கு 2023 அக்டோபர்ல இருந்து தளர்வு இருக்கு, அதுக்கும் ஒரு பதிவு எண் வாங்கணும்.

6. தளம் பான் கேட்டா கொடு

பணம் உன் கைக்கு வர்றதுக்கு முன்னாடி இணைய வணிகத் தளம் டி.டி.எஸ். பிடிக்கிற விதி 2020 அக்டோபர்ல வந்துச்சு. 1 சதவீதமா இருந்ததை 2024 அக்டோபர்ல இருந்து 0.1 ஆக்கிட்டாங்க. வருஷத்துக்கு 5 லட்சத்துக்குள்ள விக்கிற தனிநபர், பான் இல்லைன்னா ஆதார் கொடுத்திருந்தா பிடிக்க மாட்டாங்க. கொடுக்கலைன்னா 5 சதவீதம் போயிடும்.

பிடிச்சிருந்தா அது ஏ.ஐ.எஸ்ங்கிற வருடாந்திரத் தகவல் அறிக்கைல தெரியும். ரிட்டர்ன் போடறதுக்கு முன்னாடி வருமான வரித் தளத்துல அதைத் திறந்து பார்க்காம இருக்காதே. தப்பா ஏதாவது இருந்தா அங்கயே கருத்து சொல்ல இடம் இருக்கு, பதில் போட்டு, பிடிச்ச வரியை ரிட்டர்ன்ல திரும்பக் கேளு.

7. பயந்து ரொக்கத்துக்குப் போகாதே

ஜிபேல வாங்கினா நோட்டீஸ் வரும்னு பழைய காரை 3 லட்சம் ரொக்கத்துக்குக் கொடுத்தவங்களை எனக்குத் தெரியும். ஒளிஞ்சுக்கப் போய் கிணத்துல விழற வேலை இது. ஒரே ஆள்கிட்ட ஒரே நாள்லயோ, ஒரே பேரத்துக்கோ 2 லட்சம் அல்லது அதுக்கு மேல ரொக்கமா வாங்கக் கூடாதுன்னு 2017 ஏப்ரல்ல இருந்து சட்டம். அபராதம் எவ்வளவு தெரியுமா? வாங்கின தொகை முழுசும். அதுவும் கொடுத்தவனுக்கு இல்லை, வாங்கின உனக்கு. இன்னைக்கு ஒன்றரை, நாளைக்கு ஒன்றரைன்னு பிரிச்சு வாங்கினாலும் கார் ஒண்ணுதானே, பேரம் ஒண்ணுதானே? தப்பிக்க முடியாது.

சேமிப்புக் கணக்குல வருஷத்துக்கு 10 லட்சம் ரொக்கம் போட்டா பேங்கே துறைக்குச் சொல்லிடும். யூ.பி.ஐ.ல வந்த 9,000 எங்கிருந்து வந்துச்சுன்னு காட்ட முடியும். ரொக்கத்துக்கு யார் சாட்சி?

8. கார், பைக்

2024 டிசம்பர்ல ஜெய்சல்மேர்ல நடந்த ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்துக்கு அப்புறம் "பழைய காருக்கு 18 சதவீதம்"னு ஊரெல்லாம் பேச்சு. அது ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வியாபாரிக்கு, அதுவும் லாபத்துல மட்டும். நீ உன் காரை விக்கறதுக்கு இல்லை.

வண்டி வித்தா வரியைவிடப் பெரிய தலைவலி பேர் மாத்தாம விடறது. படிவம் 29, 30ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோட நிக்காதே, ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் சொன்ன அத்தாட்சியை நீயும் வச்சுக்கோ. மாநிலத்துக்குள்ளன்னா 14 நாள்ல சொல்லணும். பேர் மாறலைன்னா சிக்னல் கேமரா அபராதம் உன் நம்பருக்குத்தான் வரும். விபத்துன்னா பதிவுல பேர் இருக்கிறவர்தான் பொறுப்புன்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு.

9. ரெண்டு நிமிஷ ஃபைல்

போன்ல "வீட்டு விற்பனை"ன்னு ஒரு ஃபோல்டர் போடு. ஒவ்வொரு பொருளுக்கும் மூணு படம் போதும்: விளம்பரம், வாங்கினவரோட சாட், பணம் வந்த ஸ்கிரீன்ஷாட். பணம் அனுப்பறவர்கிட்ட குறிப்புல "பழைய சோபா"ன்னு எழுதச் சொல்லு. பழைய பில் பெரும்பாலும் உன் மெயில்லயே இருக்கும், தேடு. துறை கேட்டா மட்டும் இல்லை, வாங்கினவனோட பணம் ஏதாவது மோசடில வந்ததா இருந்து போலீஸ் உன் கணக்கை முடக்கினாலும் இதுதான் காப்பாத்தும்.

வருமான வரித்துறைல இருந்துன்னு மெயில் வந்தா லிங்கை அழுத்தாதே. 2019 அக்டோபர்ல இருந்து துறை அனுப்பற கடிதத்துல அடையாள எண் இருக்கும், அதைத் துறைத் தளத்துல போட்டு நிஜமான்னு பார்க்கலாம். நிஜம்னா பதில் போட்டுடு. கண்டுக்காம விடறதுலதான் சின்ன விஷயம் பெருசாகுது.

2026 ஏப்ரல் 1ல இருந்து 1961 சட்டத்துக்குப் பதிலா புது வருமான வரிச் சட்டம் வந்திருக்கு. பிரிவு எண்கள்தான் இடம் மாறியிருக்கு, சொந்தப் பொருளுக்கான விதி அப்படியேதான் இருக்கு. யாராவது பயமுறுத்தினா நம்பாதே.

10. லண்டன் நாத்தனாருக்கும் நியூஜெர்சி அண்ணனுக்கும்

அங்க விதி வேற, நம்ம கதையை அவங்களுக்குச் சொல்லிடாதே. பிரிட்டன்ல வருஷத்துக்கு 30 பொருளோ அதுக்கு மேலயோ வித்தா, இல்லைன்னா சுமார் 1,700 பவுண்டு தாண்டினா, 2024ல இருந்து தளமே வரித்துறைக்குத் தகவல் கொடுக்கணும். தகவல் போனா வரி வரும்னு அர்த்தமில்லை. வீட்டுப் பழசை வித்தவங்களுக்குப் பொதுவா ஒண்ணும் இல்லை. அமெரிக்கால தகவல் அனுப்பற வரம்பை 600 டாலருக்குக் குறைக்கிறதா இருந்து, 2025ல மறுபடியும் 20,000 டாலரும் 200 விற்பனையும்னு ஆக்கிட்டாங்க. ஆனா அங்க சொந்தப் பொருளை லாபத்துக்கு வித்தா வரி உண்டு. அண்ணன் தன்னோட பழைய கிடாரை விக்கறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கட்டும்.

11. பொருளைக் கொடுக்கற அன்னைக்கு

"க்யூஆர் ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்"னு சொல்றவன் திருடன். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். 2021ல அப்போதைய தில்லி முதலமைச்சர் கேஜ்ரிவாலோட மகளே பழைய சோபா விக்கப் போய் இப்படி 34,000 இழந்தாங்க. ஏமாந்தா வெட்கப்பட்டுக்கிட்டு உக்காராதே, உடனே 1930க்குப் போன் பண்ணு. சோபாவை லிஃப்ட்ல ஏத்தறதுக்கு முன்னாடி பேங்க் ஆப்பைத் திறந்து பணம் வந்துடுச்சான்னு நீயே பாரு, அவன் காட்டற ஸ்கிரீன்ஷாட்டைப் பார்க்காதே.

அந்தப் பழைய லேப்டாப்பும் போனும் சனிக்கிழமை போகுதுன்னு சொன்னியே. அதுல உன் பான் கார்டு, ஆதார், ஃபார்ம் 16 எல்லாம் ஸ்கேன் பண்ணி வச்சிருப்பே. அதை வச்சு யாராவது உன் பேர்ல ஜி.எஸ்.டி. பதிவோ கடனோ வாங்கினா, சோபாவுக்கு வராத நோட்டீஸ் அதுக்கு வரும். இன்னைக்கு ராத்திரியே படங்களைக் காப்பி எடுத்துட்டு, ரெண்டையும் ஃபேக்டரி ரீசெட் பண்ணிட்டுப் படு.